வலிக்கும் என்றும் சொல்லாதீர்கள், வலிக்காது என்றும் சொல்லாதீர்கள்

கேள்வி: பாலக்கோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் அடுத்தடுத்து மூன்று சிக்கல். டிரிப்ஸ் ஊசி குத்தப்போகும்போது ஓர் அம்மாவிடம் "வலிக்கும், பொறுத்துக்கோங்க" என்றேன். ஊசி தோலைத் தொடும் முன்பே அவர் மயங்கிவிட்டார். இன்னொருவரின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து "கர்ப்பப்பையில கட்டி இருக்குங்க" என்றேன். டாக்டரைப் பார்க்காமலேயே குடும்பத்தோடு பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். அது வெறும் ஃபைப்ராய்டு. மூன்றாவது, ஹெர்னியா ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது படிவத்தில் இருந்த ஆபத்துகளை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்துக் காட்டினேன். அப்புறம் பி.பி. பார்த்தால் 176/104. ஆபரேஷன் தள்ளிப்போனது. "நீ வாயைத் திறக்காம இருந்தாலே பாதி வேலை முடியும்" என்கிறார் டாக்டர். உண்மையைச் சொல்வதா, மறைப்பதா?

— ஒரு செவிலியர், தருமபுரி மாவட்டம்

பதில்:

சகோதரிக்கு,

வாயைத் திறக்காமல் இருந்தால் சிக்கல் தீராது. பேசாத நர்ஸைப் பார்த்தால் நோயாளிக்குப் பயம் இன்னும் கூடும். "எதையோ மறைக்கிறாங்க" என்று பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் விசாரிப்பார். அங்கே கிடைக்கும் விளக்கம் உங்களுடையதைவிட மோசமாகத்தான் இருக்கும். நீங்கள் எழுதிய மூன்றும் ஒரே சிக்கல் அல்ல. முதலாவது, சொன்ன சொல்லால் வந்தது. இரண்டாவது, யார் சொல்ல வேண்டியதை யார் சொன்னார் என்பது. மூன்றாவதில் சொல்லைவிட நேரமும் அளவெடுத்த முறையும்தான் அதிகம் தவறியிருக்கின்றன.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு சோதனை இருக்கிறது. பயம் தரும் ஒரு வாக்கியம் வாயில் வரும்போது, இதைக் கேட்டு நோயாளி எதைச் செய்யப்போகிறார், அல்லது எதைத் தீர்மானிக்கப்போகிறார் என்று பாருங்கள். பதில் இருந்தால் அவசியம் சொல்லுங்கள், செய்ய வேண்டியதையும் அதோடு சேர்த்தே சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வாக்கியம் அவருக்குப் பயத்தை மட்டும்தான் தரும். "வலிக்கும், பொறுத்துக்கோங்க" அந்த வகை. அதைக் கேட்டு அவர் செய்யக்கூடியது கையை இறுக்குவது ஒன்றுதான்.

இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்று டாக்டர் சொல்லக்கூடும். அவரிடம் காட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. 2010-ல் மயக்கவியல் இதழ் ஒன்றில் வந்தது. பிரசவத்துக்கு வந்த 140 பெண்களுக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன் ஒரு பாதியினரிடம், "பெரிய தேனீ கொட்டுவதுபோல் இருக்கும், இதுதான் இருப்பதிலேயே மோசமான கட்டம்" என்றார்கள். மறுபாதியினரிடம், "இந்த இடம் மரத்துப்போக மருந்து போடுகிறோம், அதன்பின் உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும்" என்றார்கள். ஊசியும் மருந்தும் ஒன்றே. பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டபோது முதல் கூட்டத்தின் நடுமதிப்பு 5, இரண்டாவதின் நடுமதிப்பு 3. நம் வார்டுகளில் "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று அன்போடு சொல்வதும் முதல் கூட்டத்தின் வகைதான் என்பதைக் கவனியுங்கள். கடி என்ற சொல் காதில் விழுந்ததும் உடம்பு கடிக்குத் தயாராகிவிடுகிறது.

கெட்டது வரும் என்ற எதிர்பார்ப்பே கெட்டதைக் கூட்டுவதை 'நோசிபோ' என்கிறார்கள். 1961-லேயே மருத்துவ எழுத்தில் வந்த பெயர். பதற்றம் ஏறும்போது உடலில் கோலிசிஸ்டோகைனின் என்ற பொருள் வேலை செய்து வலிச் செய்தியைப் பெரிதாக்குகிறது. அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் அந்தக் கூடுதல் வலி வருவதில்லை என்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எனவே நோயாளி நடிக்கவில்லை. வலி உண்மையிலேயே கூடியிருக்கிறது.

இனி உங்கள் முதல் சம்பவம். பயந்தவருக்குத் தோலடி ரத்தக்குழாய் சுருங்கும். வார்டில் நாம் 'நரம்பு கிடைக்கல' என்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். "உங்களுக்கு நரம்பே இல்லைங்க" என்று சொன்னால் பழி நோயாளி மேல் விழும், பயம் இன்னும் ஏறும், ரத்தக்குழாய் இன்னும் சுருங்கும். இரண்டாவது தடவை குத்த வேண்டிவந்தால் "இந்த இடம் சரியா அமையல, வேற இடம் பார்க்கிறேன்" என்பது போதும்.

வரிசை இப்படி இருக்கட்டும். உட்கார்ந்திருப்பவரைப் படுக்க வையுங்கள். "முன்னாடி எப்பவாவது ஊசி போடும்போது தலை சுத்தியிருக்கா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் படுத்தபடியே இரண்டு காலையும் மற்றக் கையையும் 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, 20 முதல் 30 விநாடி தளர்த்தி, ஐந்து முறை செய்யவைத்துவிட்டுத் தொடங்குங்கள். மயக்கம் வருவது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால். தசையை இறுக்கினால் அது இறங்காமல் நிற்கிறது. டிரிப்ஸ் ஏற்றும் கையை மட்டும் தளர விடச் சொல்லுங்கள். ஸ்பிரிட் தடவியபின் அரை நிமிடம் காயவிடுங்கள். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட் உள்ளே போய் எரியும், அந்த எரிச்சலை எந்தச் சொல்லாலும் சமாளிக்க முடியாது. சாதாரண டிரிப்ஸுக்கு 20 அல்லது 22 கேஜ் போதும். பழக்கத்தில் அதைவிடத் தடித்த 18-ஐ எடுக்காதீர்கள்.

சொல்ல வேண்டியது: "டிரிப்ஸ் ஏத்த ஊசி போடுறேன்மா. கையை லேசா விடுங்க. மெதுவா மூச்சை வெளியே விடுங்க, விடும்போது நான் போட்டுருவேன். அப்புறம் ஊசியை எடுத்துடுவோம், மெல்லிசான பிளாஸ்டிக் குழாய் மட்டும்தான் உள்ளே இருக்கும், கையை ஆட்டலாம்." கடைசி வாக்கியம் மிக முக்கியம். டிரிப்ஸ் ஓடும் இரண்டு நாளும் கைக்குள் இரும்பு ஊசி இருக்கிறது என்றுதான் ஊரில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டு, கையை மரக்கட்டைபோல் வைத்திருப்பார்கள்.

"வலிக்குமா?" என்று அவரே கேட்டால்? "வலிக்காது" என்று சொல்லிவிடாதீர்கள். வலித்தால், அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். "ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சிலர் ஒரு அழுத்தம் மாதிரின்னு சொல்வாங்க. உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு அப்புறம் எங்கிட்ட சொல்லுங்க." இதில் பொய் இல்லை, பயமுறுத்தலும் இல்லை. 2005-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ரத்தக்குழாய் வழியே செய்யும் சிகிச்சைகளை வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். வலி, எரிச்சல் என்று முன்கூட்டி எச்சரித்தபோது வலியும் பதற்றமும் இரண்டுமே கூடின. முடிந்தபிறகு "பாவம், ரொம்ப வலிச்சுருச்சா" என்று ஆறுதல் சொன்னபோது வலி கூடவில்லை, பதற்றம் கூடியது. இரக்கம் காட்ட வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. "முடிஞ்சுது, இனி கையை மடக்கலாம்" என்று சொல்லி, அடுத்து என்ன என்பதைக் காட்டினாலே அதில் இரக்கம் இருக்கிறது.

குழந்தைகளிடம் "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்லடா" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் இப்படியே திருப்பி அடிக்கும். ஏதோ இருப்பதால்தானே இத்தனை தடவை சொல்கிறார்கள் என்று குழந்தை சரியாகவே புரிந்துகொள்ளும். பேச்சை வேறு பக்கம் திருப்புவது, ஊதச் சொல்வது, எண்ணச் சொல்வது எல்லாம் அதைவிட நன்றாக வேலை செய்யும். "சாப்பிடலைன்னா நர்ஸக்காகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று உங்களைக் காட்டி மிரட்டும் அம்மாக்களை அங்கேயே தடுத்துவிடுங்கள். பத்து வருஷம் கழித்து மயங்கி விழும் நோயாளியை அன்றைக்கே தயார் செய்கிறார்கள்.

இரண்டாவது சம்பவம். ரிப்போர்ட்டை நீங்கள் படித்துச் சொன்னதே முதல் பிசகு. ஸ்கேன் சொல்வது பாதிதான். மீதி, நோயாளியின் வயது, உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் வைத்து டாக்டர் சொல்ல வேண்டியது. ஆனால் கவரைக் கையில் வைத்துக்கொண்டு "என்னங்க போட்டிருக்கு?" என்று கேட்பவரிடம் "எனக்குத் தெரியாது" என்பதும் உதவாது. "ரிப்போர்ட் வந்துருச்சு. டாக்டர் உங்களைப் பார்த்துட்டு விளக்கமா சொல்வாங்க. அவசரமா செய்ய வேண்டியது இருந்தா உடனே கூப்பிட்டிருப்பாங்க" என்று சொல்லலாம். கடைசி வாக்கியத்தை, அது உண்மையாக இருந்தால் மட்டும்.

நம் பக்கத்தில் 'கட்டி' என்ற ஒரு சொல்லுக்குள் கொப்புளம், நீர்க்கட்டி, ஃபைப்ராய்டு, கொழுப்புக் கட்டி, புற்றுநோய் ஐந்தும் அடங்கிவிடுகின்றன. கேட்பவர் எடுத்துக்கொள்வது கடைசியைத்தான். ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பைத் தசையில் வரும் வளர்ச்சி. 50 வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஏதோ ஓர் அளவில் வருகிறது. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்குகிறது. புற்றுநோயாக இருப்பது மிக அபூர்வம். டாக்டர் சொன்னபின் நீங்கள் விளக்கும்போது பெயர், அது என்ன, அடுத்து என்ன என்ற வரிசையில் போங்கள்: "இதுக்குப் பேரு ஃபைப்ராய்டு. கர்ப்பப்பை சதையில வர்ற வளர்ச்சி, நிறையப் பேருக்கு இருக்கிறதுதான். அளவையும் உதிரப்போக்கையும் பார்த்துத்தான் மருந்தா, ஆபரேஷனா, சும்மா விட்டுப் பார்க்கிறதான்னு முடிவு பண்ணுவாங்க." "கேன்சரா?" என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள். கேட்காதவரிடம் "கேன்சர் எல்லாம் இல்லைங்க, பயப்படாதீங்க" என்று நீங்களே ஆரம்பிக்காதீர்கள். இல்லை என்பது மறந்துபோகும், கேன்சர் மட்டும் வீடுவரை போகும்.

இதே இனத்தில் இன்னும் சில சொற்கள். 'உப்பு கூடிருச்சு' என்பது கிரியேட்டினினுக்கு நம் ஊர்ப்பெயர். இதைக் கேட்டு, சாப்பாட்டு உப்பைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி அடுத்த பரிசோதனைக்கு வராதவர்கள் உண்டு. "ரத்தத்துல கழிவு எவ்வளவு நிக்குதுன்னு பார்க்கிற டெஸ்ட், கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு அதுல தெரியும்" என்று சொன்னால், மாத்திரையும் மறுபரிசோதனையும் எதற்கு என்பது புரியும். 'இன்சுலின் போடுற நிலைமை வந்துரும்' என்பதை மிரட்டலாகப் பயன்படுத்துவது இன்னொன்று. ஐந்து வருஷம் மிரட்டிவிட்டு, தேவைப்படும் அன்று அதையே நல்ல மருந்து என்று சொன்னால் யார் போட்டுக்கொள்வார்?

முதுகுவலிக்காரரிடம் 'எலும்பு தேஞ்சுருச்சு, ஜவ்வு விலகிருச்சு, குனியவே கூடாது' என்பதுதான் இந்தப் பட்டியலில் அதிகச் சேதம் செய்வது. தக்காளிக் கூடை தூக்கியும் களை எடுத்தும் பிழைக்கும் ஊரில் குனியக்கூடாது என்றால் வேலையை விடு என்று பொருள். அவர் படுத்துவிடுவார், முதுகுத் தசை இளைக்கும், வலி கூடும், "டாக்டர் சொன்னது சரிதான்" என்பார். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஒரு கணக்கு வெளியானது. 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 50 வயதினரில் 80 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வில் தேய்மானம் இருந்தது. வலி இல்லாதவர்களுக்கே இப்படி. எனவே "வயசுக்கு வர்ற மாற்றம் ஸ்கேன்ல தெரியுது. உங்க வலிக்கு அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. வலி தாங்குற அளவுக்கு நடங்க, கொஞ்சம் கொஞ்சமா வேலைக்குத் திரும்பலாம். கால் மரத்துப்போனாலோ, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியாம போனாலோ அன்னைக்கே வாங்க" என்பது சரி. கடைசி வாக்கியமும் பயமுறுத்தலே, ஆனால் அதில் செய்ய வேண்டியது இருக்கிறது.

இங்கே நம் மாவட்டத்துக்கென்று ஒரு விலக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. பல வருஷம் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவருக்கு மூட்டும் முதுகும் இறுகிப்போனால், 'வயசானா அப்படித்தான்' என்று மழுப்புவதும் தவறு. எந்தத் தண்ணீர் குடிக்கிறார் என்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

மழுப்பல் என்றதும் இதைச் சொல்லாமல் விட முடியாது. மென்மையான சொல் ஆளைக் கொல்லவும் செய்யும். நெஞ்சு அடைப்பதாக வருபவரிடம் 'கேஸா இருக்கும்' என்பதுபோல ஆபத்தான ஆறுதல் வார்டில் வேறில்லை. அங்கே ஆறுதல் வேண்டாம்: "உடனே ஈ.சி.ஜி. எடுக்கணும், இங்கேயே படுங்க, நடக்காதீங்க." வந்து 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்திருக்க வேண்டும். கர்ப்பிணிக்குத் தலைவலியோடு கண் மங்கினாலும் அப்படித்தான். அவசரத்தில் குரல் தணிந்திருக்கலாம், வாக்கியத்தில் குழப்பம் இருக்கக்கூடாது.

மூன்றாவது சம்பவத்துக்கு வருவோம். முதலில் பி.பி. பற்றி. கையெழுத்து வாங்கிய கையோடு எடுத்த அளவு அந்த மனிதரின் பி.பி. அல்ல, அந்த நிமிடத்தின் பி.பி. சரியான அளவுக்கு அவர் முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். மூத்திரம் அடக்கியிருக்கக்கூடாது. அரை மணிக்குள் காபி, பீடி கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. எடுக்கும்போது பேச்சுக் கொடுத்தாலே அளவு ஏறும். 2016-ல் பிரிட்டன் மயக்க மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பழைய அளவு எதுவும் கையில் இல்லாத நோயாளிக்கு, ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் 180/110-க்குக் கீழே இருந்தால் திட்டமிட்ட ஆபரேஷனைத் தொடரலாம். அந்த நோயாளிக்கு என்ன செய்வது என்பது உங்கள் மயக்க மருத்துவரின் தீர்மானம். ஆனால் 176/104-ஐ ஒரே முறை, அந்த நேரத்தில் எடுத்துவிட்டுத் தள்ளிப்போட்டிருந்தால், பழியை உங்கள் பேச்சின் மேல் மட்டும் போட முடியாது.

அடுத்து, ஒப்புதல். விளக்கம் தர வேண்டியவர் சிகிச்சை செய்யும் டாக்டர். நீங்கள் சாட்சியாகவும் துணையாகவும் இருக்கலாம், அவருக்குப் பதிலாளாக முடியாது. சமீரா கோலி எதிர் டாக்டர் பிரபா மன்சந்தா வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது: என்ன சிகிச்சை, எதற்கு, என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை நோயாளி முடிவெடுக்கும் அளவுக்குச் சொல்ல வேண்டும். மிக அபூர்வமான, ஏட்டளவிலான ஆபத்துகளை எல்லாம் அடுக்கத் தேவையில்லை. படிவத்தை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பது சட்டம் கேட்பது அல்ல. "உயிருக்கு உத்தரவாதம் இல்லைன்னு எழுதியிருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்பதும் ஒப்புதல் ஆகாது. நோயாளி சுயநினைவுள்ள பெரியவர் என்றால் கையெழுத்து அவருடையது. மூத்த மகனிடம் மட்டும் பேசிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை இனி விட்டுவிடுங்கள்.

பேச்சு முந்தின நாளே நடக்கட்டும். ஆபரேஷன் கவுன் போட்டு, நகைகளைக் கழற்றிக் கொடுத்தபின் எதுவும் மண்டையில் ஏறாது. சாதாரண நேரத்திலேயே டாக்டர் சொன்னதில் பெரும் பகுதி, வெளியே வருவதற்குள் மறந்துவிடுகிறது. ஒவ்வோர் ஆபத்தையும் மூன்று துண்டாகச் சொல்லுங்கள்: என்ன நடக்கலாம், அதைத் தடுக்க நாங்கள் என்ன செய்கிறோம், நீங்கள் என்ன செய்ய வேண்டும். ஹெர்னியாவுக்கு இப்படி: "தையல் போட்ட இடத்துல சிலருக்குச் சீழ் பிடிக்கலாம். அதுக்காக ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர் எழுதின ஊசியைப் போட்டுருவோம். வீட்டுக்குப் போனப்புறம் காய்ச்சல் வந்தாலோ, சுத்தி சிவந்து சூடா இருந்தாலோ அன்னைக்கே வாங்க." "முதுகுல ஊசி போடுறதால சிறுநீர் பிரிய நேரமாகலாம். அடிவயிறு முட்டுற மாதிரி இருந்தா ராத்திரியா இருந்தாலும் கூப்பிடுங்க." பட்டினியும் இப்படியே. 'எதுவும் சாப்பிடாதீங்க' என்பது பயம், தாகம் இரண்டையும் தரும். "திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்னாடி நிறுத்தணும், வெறும் தண்ணி 2 மணி நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் குடிக்கலாம்" என்பது மயக்கவியல் விதி. உங்கள் மயக்க மருத்துவர் ஒப்புக்கொண்ட நேரத்தைக் கடிகார மணியாகவே எழுதிக் கொடுங்கள்.

'முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி' என்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. பிரசவ வலிக்கு முதுகில் மருந்து போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நாள்பட்ட முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை. ஊசி போட்ட இடம் சில நாள் நோகலாம், அவ்வளவுதான். இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த இருபது வருஷ முதுகுவலிக்கும் அந்த ஊசிதான் காரணமாகும்.

எண்களைச் சொல்லும்போது 'அபூர்வமா', 'சகஜமா' என்ற சொற்களை நம்பாதீர்கள். ஐரோப்பிய மருந்துச் சீட்டுகளில் 'சகஜம்' என்றால் 100-ல் 1 முதல் 10 பேர். படிப்பவர்களோ கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு வரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். டாக்டரிடம் எண்ணை வாங்கி, எப்போதும் 100 பேர் கணக்கில், இரண்டு பக்கமும் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, "100 பேர்ல 95 பேருக்கு ஒண்ணும் வர்றதில்லை, 5 பேருக்கு வரலாம்". ஒன்றை 100-லும் மற்றொன்றை 1,000-லும் சொன்னால் கணக்குக் குழம்பும்.

மாத்திரைக்கும் இதே கதை. கொழுப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேருக்கு, ஒரு வருஷம் மாறி மாறி சில மாதம் அசல் மாத்திரை, சில மாதம் போலி மாத்திரை, சில மாதம் எதுவும் இல்லை என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வந்தது: அசலில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் அளவுக்குப் போலியிலும் வந்தது. முடிவைக் காட்டிய பிறகு பாதிப்பேர் மீண்டும் மாத்திரையைத் தொடங்கினார்கள். 'எல்லாம் உங்க மனப்பிரமை' என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அந்த உடம்புவலி உண்மை. சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினுக்கு "வயித்தால போகும்" என்பதைவிட, "சிலருக்கு ஆரம்பத்துல வயிறு கலக்கலாம், பெரும்பாலும் ரெண்டு வாரத்துல சரியாகும். சாப்பாட்டோட போடுங்க. சரியாகலைன்னா நிறுத்தாம எங்கிட்ட வாங்க, அளவையோ வகையையோ மாத்தலாம்" என்பது நல்லது.

இன்னும் இரண்டு விஷயம் சுருக்கமாக. முதுகு ஊசியில் ஆபரேஷன் நடக்கும்போது நோயாளி விழித்திருக்கிறார். "ஐயோ", "ரத்தம் நிக்கலையே", "அது எங்க போச்சு" எல்லாம் அவர் காதில் விழும். திரைக்கு அந்தப்புறம் இருப்பவருக்குக் கண்தான் மறைகிறது. வார்டில் டியூட்டி மாற்றும்போது கட்டில் பக்கத்தில் நின்று "நாலாம் பெட் கர்ப்பப்பை, நேத்து சீரியஸ்" என்பதும் அப்படித்தான். பேரைச் சொல்லிப் பேசுங்கள், சீரியஸ் என்பதற்குப் பதில் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருந்து வருபவர்களிடம் வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேளுங்கள். தெலுங்கும் கன்னடமும் பேசுபவர் மரியாதைக்காகத் தமிழில் தலையாட்டிவிடுவார். பள்ளிக்கூடப் பிள்ளையை வைத்து அம்மாவின் கர்ப்பப்பைச் சிகிச்சையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். உங்கள் ஊழியர்களிலேயே அந்த மொழிக்காரர் ஒருவர் இருப்பார்.

'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லோரும் புரிஞ்சுது என்பார்கள். "வீட்டுக்குப் போனதும் உங்க மாமியார் கேட்பாங்க இல்ல, என்னன்னு சொல்வீங்க?" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதில் ஓட்டை இருந்தால், "நான் சரியா சொல்லலை போல" என்று மறுபடி சொல்லுங்கள். 'வேற ஒண்ணும் இல்லையே?' என்று கதவை நோக்கி நகர்ந்தபடி கேட்டால் 'இல்லைங்க' என்றுதான் வரும். "இன்னும் எதைக் கேட்கணும்னு நினைச்சீங்க?" என்று நின்று கேளுங்கள். அமெரிக்கக் குடும்ப மருத்துவர்களிடம் ஆங்கிலத்தில் இதே மாதிரி ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பார்த்த 2007 ஆய்வில், நோயாளி கேட்காமல் விட்டுப்போகும் சந்தேகங்கள் 78 சதவீதம் குறைந்தன.

டாக்டரிடம் இதை வாதமாகக் கொண்டுபோகாதீர்கள். ஒரு தாளில் உங்கள் மருத்துவமனையில் அதிகம் நடக்கும் ஐந்து வேலைகளை எழுதுங்கள்: டிரிப்ஸ், முதுகு ஊசி, ஹெர்னியா ஒப்புதல், கர்ப்பப்பை ஸ்கேன், புதிதாகத் தொடங்கும் சுகர் மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் யார் சொல்வது, எப்போது சொல்வது, எந்த இரண்டு மூன்று வாக்கியம் என்பதை அவரையே திருத்தித் தரச் சொல்லுங்கள். அவர் கையால் திருத்திய வாக்கியத்தைச் சொன்னதற்காக அவரே உங்களைத் திட்ட மாட்டார். தாளின் ஓரத்தில் பி.பி.யால் தள்ளிப்போன ஆபரேஷன்களை மாதாமாதம் குறித்து வையுங்கள். அந்த அளவு பேச்சுக்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.